நுரையீரல் புற்றுநோயும் ஒரு குப்பி எதிர்ப்பொருளும்

நுரையீரலில் கட்டி இருந்த மடல் முழுவதும் அகற்றப்பட்டுவிட்டது. வெட்டு விளிம்பில் புற்றுச் செல்கள் இல்லை என்று நோய்க்குறியியல் அறிக்கையும் வந்துவிட்டது. அடுத்து நோயாளியின் வீட்டார் கேட்பது, 'இனி வராதல்லவா?' என்பதே. இக்கேள்விக்கு இன்றைய மருத்துவம் தரும் விடை ஓர் அட்டவணை. டி.என்.எம். வகைப்பாட்டின் எட்டாம் பதிப்புக்காகத் திரட்டப்பட்ட பன்னாட்டுத் தரவின்படி, அறுவைக்குப் பின் 1பி நிலை என்று உறுதியானவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் 73 விழுக்காட்டினர். 2ஏ நிலையில் 65, 2பி நிலையில் 56. கட்டியின் அளவும், நிணநீர்க் கணுக்களின் நிலையும், பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதுமே இந்த எண்களைத் தீர்மானிக்கின்றன. நூறு பேரைப் பற்றி அட்டவணை சரியாகவே பேசுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் அந்த 73 பேரில் ஒருவரா, எஞ்சிய 27 பேரில் ஒருவரா என்பதை அதனால் சொல்ல இயலாது.

இந்த இயலாமைக்கு ஒரு விலை உண்டு. அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான கீமோதெரபி கொடுத்தால் என்ன பயன் என்பதை ஐந்து பெரிய சோதனைகளின் தரவைத் தொகுத்து 2008இல் வெளியான 'லேஸ்' பகுப்பாய்வு ஆராய்ந்தது. 4,584 நோயாளிகளின் கணக்கில், ஐந்தாம் ஆண்டு முடிவில் கிடைத்த நன்மை 5.4 விழுக்காடு. அதாவது, நூறு பேருக்கு மருந்து செலுத்தினால் ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக உயிரோடிருப்பர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் மருந்தின்றியும் பிழைத்திருப்பர். மற்றவர்கள் மருந்து பெற்றும் இறந்திருப்பர். ஆனால் வாந்தியும், சிறுநீரகப் பாதிப்பும், காது மந்தமும், விரல்நுனி மரத்துப்போதலும் இந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. அந்த ஐந்து சோதனைகளில் மிகப் பெரியதான 'ஐ.ஏ.எல்.டி.' சோதனையில் கீமோதெரபி பெற்றோருள் 0.8 விழுக்காட்டினர் மருந்தின் நச்சாலேயே இறந்தனர். அந்த ஐவர் யார் என்பதை முன்கூட்டியே அறிவதுதான் புரத உயிர்க்குறியீட்டு ஆய்வு முழுவதற்கும் நியாயம் தருவது. அந்தக் கேள்வியைத் தொடாத ஆய்வு எத்தனை அழகான வரைபடங்களைத் தந்தாலும் நோயாளிக்குப் பயன்படப் போவதில்லை.

புரதத்தை நாடுவதற்குக் காரணம் எளிது. செல்லில் வேலை செய்வது புரதமே. ஒரு மரபணு இருப்பதும், அதன் ஆர்.என்.ஏ. உருவாவதும், அதிலிருந்து புரதம் பிறந்து செயற்படுவதும் வெவ்வேறு செய்திகள். மேலும், அகற்றிய கட்டி பாரஃபின் பிளாக்காக மருத்துவமனை அலமாரியில் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, வேண்டிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, பழுப்பு நிறம் ஏறுகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்னும் இம்முறை விலையுயர்ந்த வரிசைமுறை எந்திரம் எதையும் கேட்பதில்லை; மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரியிலும் செய்யக்கூடியது. அதனாலேயே பி53, பி27, கேஐ-67 என்று தொடங்கிப் பல புரதங்கள் நுரையீரல் கட்டிகளில் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டவற்றில் பெரும்பாலானவை 'முக்கியத்துவம் வாய்ந்தவை' என்றும் அறிவிக்கப்பட்டன. ஆயினும், அறுவைக்குப் பின் கீமோதெரபி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இவற்றுள் ஒன்றுகூட அன்றாட நடைமுறைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஈ.ஆர்.சி.சி.1 புரதத்தின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல பாடம் இல்லை. இத்துறையில் நுழையும் ஒவ்வொரு மாணவரும் முதலில் படிக்க வேண்டியதும் அதுவே.

சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ. இழையோடு ஒட்டிக்கொண்டு அதை முறுக்கிவிடும். செல்லில் ஒரு பழுதுநீக்கும் அமைப்பு உண்டு. பழுதுற்ற பகுதியை வெட்டியெடுத்துப் புது இழையால் நிரப்பும். அந்த வெட்டும் வேலையை எக்ஸ்.பி.எஃப். என்னும் கூட்டாளியோடு சேர்ந்து செய்வது ஈ.ஆர்.சி.சி.1. ஆகவே, இப்புரதம் மிகுந்த கட்டி சிஸ்பிளாட்டினுக்கு மசியாது, குறைந்த கட்டி மசியும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை. 2006இல் பாரிசை அடுத்த கஸ்தாவ் ரூசி நிறுவனத்தைச் சேர்ந்தோர் ஐ.ஏ.எல்.டி. சோதனையில் பங்கேற்ற 761 பேரின் கட்டிகளை 8எஃப்1 என்ற எதிர்ப்பொருளால் சாயமேற்றி ஆராய்ந்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டனர். எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தது. ஈ.ஆர்.சி.சி.1 இல்லாத கட்டியுடையோரில் கீமோதெரபி இறப்பு அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. புரதம் இருந்தோருக்கு நன்மை எதுவும் தென்படவில்லை. இன்னொரு சுவையான முடிவும் உடன் வந்தது. கீமோதெரபியே பெறாதவர்களில், புரதம் இருந்தோர் இல்லாதோரைக் காட்டிலும் நீண்டகாலம் வாழ்ந்தனர். பழுதுநீக்கும் திறன் நிறைந்த கட்டி தன் மரபுப்பொருளைச் சீராக வைத்துக்கொள்வதால் மூர்க்கம் குறைந்தது. அதே திறனால் மருந்தையும் வென்றுவிடுகிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. உயிரியலும் புள்ளியியலும் மருத்துவமும் ஒன்றோடொன்று இவ்வளவு இசைவாகப் பொருந்துவது அரிது. ஐயம் அங்கேயே எழுந்திருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது.

அந்த முடிவை நம்பி ஃபிரான்சில் 'டேஸ்ட்' என்ற சோதனை தொடங்கியது. அறுவை முடிந்த 150 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவில் அனைவருக்கும் வழக்கமான கீமோதெரபி. மற்றொரு பிரிவில் உயிர்க்குறியீட்டைப் பார்த்துச் சிகிச்சை: இ.ஜி.எஃப்.ஆர். திரிபு உடையோருக்கு எர்லோட்டினிப், ஈ.ஆர்.சி.சி.1 இல்லாதோருக்குக் கீமோதெரபி, ஈ.ஆர்.சி.சி.1 இருந்தோருக்கு மருந்தே இல்லை, கண்காணிப்பு மட்டும். பழுப்பு நிறத்தின் பொருள் என்ன என்ற வினா இங்கே ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. அந்த நிறம் தெரிந்த காரணத்தால் சிலர் மருந்தின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

2013இல் அதே இதழில் மற்றொரு கட்டுரை வந்தது. வட அமெரிக்காவின் ஜே.பி.ஆர்.10, சி.ஏ.எல்.ஜி.பி. 9633 ஆகிய இரு தனிச் சோதனைகளின் 494 மாதிரிகளில் 2006ஆம் ஆண்டின் முடிவை மீட்டுப் பார்க்க முயன்றபோது அது கிடைக்கவில்லை. ஐயம் கொண்டு பழைய ஐ.ஏ.எல்.டி. மாதிரிகளையே மறுபடியும் சாயமேற்றினர். முன்பு கிடைத்த விடையும் இப்போது கிடைத்த விடையும் ஒத்துப்போகவில்லை. மாதிரி அதே, எதிர்ப்பொருளின் பெயரும் அதே. குப்பிக்குள் இருந்தது மட்டும் இடையில் தன் நடத்தையை மாற்றிக்கொண்டிருந்தது. சந்தையில் கிடைத்த 16 எதிர்ப்பொருள்களைச் சோதித்ததில் வேறொன்றும் வெளிப்பட்டது. ஈ.ஆர்.சி.சி.1 மரபணு நான்கு வடிவப் புரதங்களை உருவாக்குகிறது. அவற்றுள் ஒன்று மட்டுமே டி.என்.ஏ. பழுதை முழுமையாக நீக்கிச் சிஸ்பிளாட்டினை எதிர்க்க வல்லது. அந்த ஒன்றை மற்ற மூன்றிலிருந்து பிரித்துக் காட்டும் திறன் 16 எதிர்ப்பொருள்களில் எதற்கும் இல்லை. வேலை செய்பவனையும் வேலை செய்யாத மூவரையும் ஒரே சீருடையில் நிறுத்தித் தலை எண்ணியது போலாயிற்று. டேஸ்ட் சோதனையின் அடுத்த கட்டம் கைவிடப்பட்டது.

8எஃப்1 ஐயத்துக்குரியது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே, 2009இல், வெளிவந்திருந்தது. எக்ஸ்.பி.எஃப்.-ஈ.ஆர்.சி.சி.1 இணை உள்ள செல்களையும் இல்லாத செல்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த ஆய்வு, இந்த எதிர்ப்பொருள் தன் இலக்கை மட்டும் பற்றுவதன்று என்று காட்டியிருந்தது. 2014இல் அந்த வேறொன்று எது என்பதும் தெரிந்தது: செல்சவ்வுக் கொழுப்பை உருவாக்க உதவும் பி.சி.ஒய்.டி.1ஏ என்னும் நொதி. ஈ.ஆர்.சி.சி.1 என்று எண்ணப்பட்ட பழுப்பில் ஒரு பகுதி அந்த நொதியினுடையதாக இருந்திருக்கக்கூடும். தன் இலக்கே இல்லாத செல்லில் சாயம் ஏறுகிறதா என்று பார்க்கும் இச்சோதனை ஒன்றும் எட்டாக்கனி அன்று. கிரிஸ்பர் முறையால் ஒரு மரபணுவை நீக்கிய செல்வரிசை இன்று இந்தியாவின் பல மூலக்கூற்று உயிரியல் கூடங்களில் செய்யக்கூடியது. அப்படியிருந்தும், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் 'செய்முறைகள்' இயலில் எதிர்ப்பொருளுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் நீர்க்கும் விகிதமும் மட்டுமே. தொகுதி எண் கூட இராது. 2006க்கும் 2013க்கும் இடைப்பட்ட குழப்பம் முழுவதும் அந்த எழுதப்படாத எண்ணுக்குள் அடங்கிவிடும்.

ஒன்றைப் பாராட்டாமல் கடப்பது முறையன்று. 2013ஆம் ஆண்டின் கட்டுரையும் பெரும்பகுதி அதே கஸ்தாவ் ரூசி குழுவினுடையதே. 2006இல் தங்களுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த முடிவைத் தாங்களே மீண்டும் சோதித்து, நிலைக்கவில்லை என்று அதே இதழில் எழுதினர். பிறர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழகச் சூழலில் இப்படி ஒரு கட்டுரையை எழுத எத்தனை துறைத்தலைவர்கள் தம் மாணவரை அனுமதிப்பார்கள் என்பது தனியே பேச வேண்டியது.

எதிர்ப்பொருள் பழுதற்றதாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. 'இந்தப் புரதம் மிகுந்தோர் சீக்கிரம் இறக்கின்றனர்' என்பது ஒரு செய்தி. 'இந்தப் புரதம் மிகுந்தோருக்கு இந்த மருந்து பயன்படும்' என்பது முற்றிலும் வேறு செய்தி. முன்னது நோயின் போக்கைச் சொல்வது, பின்னது மருந்தின் பலனைச் சொல்வது. ஆய்வுக்கட்டுரைகள் முன்னதைக் காட்டிவிட்டு முடிவுரையில் பின்னதைக் காட்டியது போல எழுதுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் வகை பீட்டா-டியூபுலின் இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு சோதனையின் மாதிரிகளில் இப்புரதம் மிகுந்தோர் கீமோதெரபியால் கூடுதல் நன்மை பெறுவதாகத் தோன்றியது. நான்கு சீரற்ற பங்கீட்டுச் சோதனைகளின் மாதிரிகளை ஒன்றுசேர்த்து 2012இல் பார்த்தபோது, அது நோயின் போக்கைக் காட்டுவது உறுதியாயிற்று. மருந்தின் பலனைக் காட்டுவது உறுதியாகவில்லை. இரண்டாவதைச் சோதிக்க, மருந்து பெற்றோரும் பெறாதோரும் சீரற்ற முறையில் பிரிக்கப்பட்ட மாதிரிகள் வேண்டும். ஒரே துறையின் அலமாரியிலிருந்து எடுத்த அறுபது பிளாக்குகளில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. எவ்வளவு கவனமாகச் சாயமேற்றினாலும் கிடையாது.

அடுத்தது எல்லைக்கோடு. நிறத்தின் ஆழத்தையும் நிறமேறிய செல்களின் விழுக்காட்டையும் பெருக்கி 0 முதல் 300 வரை ஒரு மதிப்பெண் இடுவது உண்டு. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் 'மிகுதி' என்பது? 2006ஆம் ஆண்டின் ஆய்வு இடைநிலை மதிப்பை எல்லையாக முன்கூட்டியே வரையறுத்திருந்தது. அந்த ஒழுக்கம் இருந்தும் அது வீழ்ந்தது. பிறர் அவ்வளவுகூடச் செய்வதில்லை. எல்லைக்கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, இரு வாழ்நாள் கோடுகளும் எங்கே அதிகம் பிரிகின்றனவோ அங்கே நிறுத்துகின்றனர். இன்று இதைத் தானாகவே செய்து தரும் இணையக் கருவிகளும் வந்துவிட்டன. ஒரு பொத்தானை அழுத்தினால் 'மிகச் சிறந்த' எல்லை கிடைக்கும். டக்ளஸ் ஆல்ட்மனும் உடன்பணியாளர்களும் 1994இலேயே இதன் கேட்டை எழுதிவிட்டனர். இப்படித் தேடிப் பிடித்த எல்லையில் 5 விழுக்காடு என்று சொல்லப்படும் தவறு வாய்ப்பு உண்மையில் பல மடங்கு பெருகிவிடும். உயிர்க்குறியீட்டு ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று 20 அம்சங்களைப் பட்டியலிட்ட 'ரிமார்க்' வழிகாட்டி 2005இல் வந்தது. அதைப் படித்தவர்கள் எண்ணிக்கை அதை மேற்கோள் காட்டியவர்கள் எண்ணிக்கையை எட்டியிருந்தாலே பெரிது.

இவையெல்லாம் சாயக் காலத்துக் கவலைகள், நிறை நிரலியல் வந்தபின் பொருந்தா என்று ஒரு மறுப்பு எழும். 2020இல் செல் இதழில் நுரையீரல் அடினோகார்சினோமாவின் புரதத்தொகுதியை முழுமையாக அளந்த மூன்று பெரும் ஆய்வுகள் ஒரே ஆண்டில் வந்தன: அமெரிக்கக் கூட்டமைப்பொன்றின் 110 கட்டிகள், சீனாவில் 103 நோயாளிகள், தைவானில் 103 நோயாளிகள். நோயின் உயிரியலை அறிய இவை பெருஞ்செல்வம். சீன ஆய்வு எச்.எஸ்.பி.90 பீட்டா என்னும் புரதத்தை நோயின் போக்கைக் காட்டக்கூடிய ஒன்றாக முன்மொழிந்தது. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் புரதங்களை அளந்து, ஒவ்வொன்றையும் வாழ்நாளோடு பொருத்தி, 5 விழுக்காட்டு அளவுகோலைத் திருத்தமின்றி வைத்தால், எதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஐந்நூறு புரதங்கள் 'முக்கியமானவை' என்று வந்து நிற்கும். அப்பெரும் ஆய்வுகளின் ஆசிரியர்கள் இதை நன்கறிவார்கள், திருத்தமும் செய்வார்கள். அவர்கள் பொதுவில் வைத்த தரவை இறக்கி, ஒரு வாரத்தில் 'ஐந்து புரதக் கையொப்பம்' தயாரித்து அனுப்புவோர் அறிகிறார்களா என்பதே ஐயம். கருவி மாறியபின் பிழை செய்யும் வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவே.

ஈ.ஆர்.சி.சி.1 பழங்கதை என்று ஒதுக்குவோர் பி.டி.-எல்1 புரதத்தைப் பார்க்கலாம். 2021இல் வெளியான ஐ.எம்.பவர்010 சோதனையில், அறுவைக்கும் கீமோதெரபிக்கும் பின் அட்டிசோலிசுமாப் பெற்றோரில் பி.டி.-எல்1 மிகுந்தோருக்கே நன்மை மிகுதியாக இருந்தது. பெம்புரோலிசுமாப்பை வைத்து நடந்த கீநோட்-091 சோதனையில் நோய் திரும்பாக் காலம் மொத்த நோயாளிகளில் நீண்டது, பி.டி.-எல்1 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தோரை மட்டும் தனியே பார்த்தபோது அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. மருந்து வேறு, புரதத்தை அளந்த எதிர்ப்பொருளும் வேறு, முன்னதில் எஸ்.பி.263, பின்னதில் 22சி3. எனினும் இத்துறை ஒன்றைக் கற்றிருக்கிறது. பி.டி.-எல்1 சோதனைகள் பரவத் தொடங்கியபோதே நான்கு எதிர்ப்பொருள்களை ஒரே கட்டிகளில் ஒப்பிடும் 'புளூபிரின்ட்' திட்டம் நடந்தது. எஸ்.பி.142 மட்டும் மற்றவற்றைவிடக் குறைவான புற்றுச் செல்களுக்கே நிறமேற்றுகிறது என்று அதில் தெரிந்தது. ஏ.எல்.கே. புரதம் இத்தகைய தொல்லை எதையும் தரவில்லை. இயல்பான நுரையீரல் திசுவில் அது காணப்படாது. மரபணு இடம் மாறிய கட்டியில் மட்டும் பளிச்சென்று தெரியும். 'எவ்வளவு' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 'உண்டா, இல்லையா' என்பதே போதும்.

இந்தியாவுக்கு வரலாம். குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 81 ஆயிரம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இறக்கின்றனர். இரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது நோய் எத்தனை தாமதமாகக் கண்டறியப்படுகிறது என்பதைக் காட்டும். காசநோய் என்றெண்ணி மாதக்கணக்கில் மருந்துண்டபின் உண்மை தெரியவருவோர் பலர். அறுவை செய்யத்தக்க நிலையில் வருவோர் சிறுபான்மையினர். ஆகவே, எந்த ஒரு மருத்துவமனையிலும் அகற்றப்பட்ட நுரையீரல் கட்டிகள் அதிகம் சேர்வதில்லை. முதுநிலை மருத்துவ ஆய்வேட்டுக்கு நாற்பதோ அறுபதோ கிடைக்கும். அதை வைத்து ஒரு புதுப் புரதத்தின் 'முன்கணிப்பு மதிப்பு' எழுதப்படும். மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்தப் புரதத்தை அந்தத் துறையிலேயே எவரும் மறுபடி தொடமாட்டார்கள். அதற்கிடையே, அகற்றிய மடல் ஃபார்மலினில் எப்போது இடப்பட்டது என்பதே பதிவாகியிராது. காற்று நிறைந்த நுரையீரலை மூச்சுக்குழல் வழியாக ஃபார்மலின் செலுத்தி விரிக்காமல் அப்படியே அமிழ்த்தினால் உட்பகுதி பதப்படாமல் கெடும். கெட்ட திசுவில் புரதம் இல்லை என்று சாயம் சொன்னால், கட்டியில் இல்லையா, அறுவை அரங்குக்கும் ஆய்வகத்துக்கும் இடையே போயிற்றா என்று யார் சொல்வது? மார்பகப் புற்றுநோயின் ஹெர்2 சோதனைக்கு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் என்று வரையறை வகுத்துப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. நுரையீரல் ஆய்வேடுகளிலும் அந்த ஒரு பத்தியைக் கட்டாயமாக்கப் பணம் தேவையில்லை.

மெய்ப்பித்தல் ஆய்வு செய்தால் கட்டுரை வெளியாகாது, பட்டம் தாமதமாகும், வேலை கிடைக்காது என்ற அச்சம் மாணவர்களுக்கு உண்டு. அது நியாயமான அச்சம். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது உண்மைதான். நேர்காணலில் கட்டுரைகளை எண்ணுவதை அது நீக்கவில்லை. ஆயினும் வழி இல்லாமலில்லை. டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் 300க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பத்துப் பிளாக்குகள் தந்தால்கூட இந்தியாவில் இதுவரை எந்தத் தனித்துறையும் காணாத மாதிரித்தொகுதி கிடைக்கும். ஒரு மாணவர் ஒரே ஒரு பழைய புரதத்தை எடுத்துக்கொள்ளட்டும். எதிர்ப்பொருளை மரபணு நீக்கிய செல்லில் சோதிக்கட்டும். இரு வேறு தொகுதிக் குப்பிகளை ஒப்பிடட்டும். எல்லைக்கோட்டைத் தரவைத் திறப்பதற்கு முன் எழுதிப் பதிவு செய்யட்டும். நோயாளியின் நிலை அறியாத இருவர் இரு நகரங்களில் தனித்தனியே மதிப்பெண் இடட்டும். டி.என்.எம். நிலை ஏற்கெனவே சொல்வதற்கு மேல் அப்புரதம் எதையாவது கூடுதலாகச் சொல்கிறதா என்று பார்க்கட்டும். சொல்லவில்லை என்றால் அதுவே ஆய்வேட்டின் முடிவாக அமையட்டும். வாய்மொழித் தேர்வில் 'இதில் புதியது என்ன?' என்று கேட்கும் புறத்தேர்வாளர் முன் 2006, 2013 ஆகிய இரு கட்டுரைகளையும் அருகருகே வைத்துவிட்டு, வழிகாட்டிப் பேராசிரியர் தம் மாணவருக்காக ஒருமுறை எழுந்து பேசினால் போதும்.